நான்காம் வருடத்துக் கட்டி

மே மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில் ரமீஸ் ஒரு பிளாஸ்டிக் பையோடு வேளாண் அலுவலகத்துக்குள் நுழைந்தார். வரிசையில் நின்றவர்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக வாஸ்வியாவின் மேசைக்கு வந்து பையைத் தலைகீழாகக் கொட்டினார். செஸ்நட் மரத்தின் இளங்கிளைகள் ஏழெட்டு. இலைகள் சுருண்டிருந்தன. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் பட்டாணி அளவிலும் கோலிக்குண்டு அளவிலும் பச்சையும் ரோஜா நிறமும் கலந்த கட்டிகள்.

"இன்ஸ்பெக்டரம்மா, என் மரம் பூக்கறதுக்கு முன்னாடியே காய்ச்சிருச்சு. இது என்ன காய்னு சொல்லுங்க. தின்னலாமா வேணாமான்னு அப்புறம் பாக்கலாம்."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாஸ்வியா சிரிக்கவில்லை. பத்தொன்பது வருடமாக அவள் அந்த மாவட்டத்தின் பயிர்ப் பாதுகாப்பு ஆய்வாளர். ஊனா ஆற்றுக்கு இந்தப் பக்கம் அவளுக்குத் தெரியாமல் ஓர் இலைகூடச் சுருளாது என்று அலுவலகத்தில் கேலி பேசுவார்கள். இந்தக் கட்டியை அவள் கையால் தொட்டதில்லை. படத்தில் பார்த்திருக்கிறாள். மேலிடத்திலிருந்து வந்த சுற்றறிக்கைகளில் ஆறேழு வருடமாகத் திரும்பத் திரும்ப வந்த படம்.

கடிதம் பிரிக்கும் கத்தியால் ஒரு கட்டியை இரண்டாக வகிர்ந்தாள். உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஒவ்வோர் அறையிலும் கால் இல்லாத, கண் இல்லாத வெள்ளைப் புழு ஒன்று சுருண்டு கிடந்தது.

"தின்னலாமா?" என்றார் ரமீஸ், இப்போது கொஞ்சம் மெதுவாக.

"எத்தனை மரத்துல இருக்கு?"

"எல்லாத்துலயும்தான். எண்ணிக்கிட்டா வருவாங்க?"

தலைநகர் சராயேவோவிலிருந்த ஆய்வுக்கூடத்துக்கு மாதிரிகள் போயின. ஒன்பதாம் நாள் பதில் வந்தது. செஸ்நட் மரத்தில் கட்டி கட்டும் குளவிதான். சீனாவிலிருந்து கிளம்பி இத்தாலி வரைக்கும் வந்து அங்கே மலைமலையாகத் தோப்புகளைத் தின்று தீர்த்த பூச்சி. பார்க்க எள்ளளவு இருக்கும், கறுப்பு உடம்பு, மஞ்சள் கால். அதில் ஆண் என்பதே கிடையாது. பிறப்பது எல்லாம் பெண். துணை தேடாமலே முட்டையிடும். கோடையில் அடுத்த வருடத்து மொட்டுக்குள் முட்டையை வைத்துவிட்டுச் செத்துப்போகும். புழு குளிர்காலம் முழுவதும் மொட்டுக்குள்ளேயே தூங்கும். வெளியிலிருந்து பார்த்தால் மொட்டு மொட்டாகத்தான் இருக்கும், பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. வசந்தத்தில் துளிர் விட வேண்டிய இடத்தில் கட்டி கிளம்பும். கட்டி வந்த கிளையில் பூ இல்லை. பூ இல்லையென்றால் கொட்டையும் இல்லை, தேனும் இல்லை.

அந்த மாவட்டத்தில் செஸ்நட் மரம் பெரும்பாலும் யாரும் நட்டு வளர்த்தது அல்ல, காடே அதுதான். அக்டோபரில் பள்ளிக்கூடங்களில் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள், காட்டில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். ஆகவே சேதி கேட்ட மேலதிகாரி நியாஸ் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது அவருக்கு.

"எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேப்பாங்க, வாஸ்வியா. எவ்வளவு தூரம் பரவியிருக்குன்னும் கேப்பாங்க. ரெண்டுக்கும் பதில் வேணும்."

"கண்டுபிடிக்கிறேன்."

"பறக்குற பூச்சிக்கு ஏது தடம்?"

தடம் இருந்தது. குளவி வெளியே போன பிறகு கட்டி உதிர்வதில்லை. காய்ந்து, கறுத்து, மரக்கட்டை போல் இறுகிக் கிளையிலேயே கிடக்கும். கிளையின் வயதைக் கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. ஒவ்வொரு வருடத்து வளர்ச்சி தொடங்கும் இடத்திலும் பட்டையில் மோதிரம் போல ஒரு தழும்பு சுற்றி ஓடும். நுனியிலிருந்து தழும்புகளை எண்ணிக்கொண்டே உள்ளே போனால், எந்த வருடத்துக் கிளையில் கடைசியாகக் கட்டி இருக்கிறதோ அந்த வருடம்தான் பூச்சி அந்த மரத்துக்கு முதலில் வந்தது. பழைய கட்டி எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஆரம்பம்.

ரமீஸின் ஊரான புகோவ்யேவில் இரண்டு வருடத்துக் கட்டி இருந்தது. மரத்தில் தன் காலை வைத்து ஏறி, கிளையை வளைத்துப் பிடித்துக் காட்டியவர் ரமீஸ்தான். அறுபது வயதுக்கு அவருக்கு நல்ல கால்.

"ரெண்டு வருஷமா என் தலைக்கு மேல குடியிருந்திருக்கு, நான் பாக்கவே இல்லையே" என்றார். அன்றைக்கு அவர் குரலில் கிண்டல் இல்லை.

மே கடைசி, ஜூன், ஜூலை என்று வாஸ்வியா அலுவலகத்து ஜீப்பில் அலைந்தாள். சில நாட்களில் ஜீப்பைப் பெரிய அதிகாரிகள் எடுத்துப் போய்விட்டால் ரமீஸ் தன் வண்டியில் கூட்டிப்போவார். சாலையோரத்து மரங்கள், பள்ளிக்கூட முற்றத்து மரங்கள், கல்லறைத் தோட்டத்து மரங்கள். ஒவ்வோர் ஊரிலும் பத்து மரம், ஒவ்வொரு மரத்திலும் நான்கு கிளை. எண்ணி எழுதிக்கொள்வாள். மாலையில் அலுவலகச் சுவரில் இருந்த வரைபடத்தில் புள்ளி வைப்பாள். இந்த வருடம்தான் வந்தது என்றால் மஞ்சள், இரண்டாம் வருடம் என்றால் ஆரஞ்சு, மூன்றாம் வருடம் என்றால் சிவப்பு.

முதலில் அவள் சந்தேகப்பட்டது வெள்ளிக்கிழமைச் சந்தையை. எல்லை தாண்டி வரும் வண்டிகளில் சான்றிதழ் இல்லாத கன்றுகள் விற்பது வழக்கம். விற்பவர்களைத் தேடிப் பிடித்து, வாங்கியவர்களைத் தேடிப் பிடித்து, எட்டுத் தோட்டங்களில் போய்ப் பார்த்தாள். எட்டிலும் மஞ்சள்தான். கன்று வந்து ஐந்து வருடம், கட்டி வந்தது இந்த வருடம். சந்தையிலிருந்து வரவில்லை.

ஜூலை நடுவில் வரைபடம் தானாகவே பேச ஆரம்பித்தது. மஞ்சள் வெளி வட்டம். அதற்குள் ஆரஞ்சு. அதற்குள் சிவப்புப் புள்ளிகள் ஆறு, ஓடை ஓடும் ஒரு பள்ளத்தாக்கைச் சுற்றி. நடுவில் ஒரே ஓர் ஊர் மட்டும் புள்ளி இல்லாமல் வெள்ளையாக இருந்தது. வ்ரேலோ.

நியாஸ் காப்பிக் கோப்பையோடு வந்து வரைபடத்தின் முன்னால் நின்றார்.

"இங்க ஏன் போகல?"

"போகணும்."

"உங்க தேன்கார எயூப்போட ஊருதானே? ஒரு போன் போட்டாப் போதுமே."

வாஸ்வியா தலையாட்டினாள். அவள் ஏன் போகவில்லை என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. ஒருவேளை, தெரிந்துகொள்ள அவள் விரும்பவில்லை. சுற்றியிருந்த எல்லா ஊர்களுக்கும் போயிருந்தாள், சில ஊர்களுக்கு இரண்டு முறை. வ்ரேலோவுக்குப் போகும் திருப்பத்தில் மூன்று முறை வண்டியை நிறுத்தியிருந்தாள். ஒரு முறை எரிபொருள் குறைவு என்று திரும்பினாள், ஒரு முறை மழை, ஒரு முறை காரணமே இல்லை.

அன்று இரவு உணவுக்குப் பூசணிக்காய் அடைத்துச் சுட்ட பீட்டாப் பலகாரத்தை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தபோது அவள் கை நின்றது. ஐந்து குச்சிகள். ஈரத் துண்டில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் சுற்றி, பெட்டியில் கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் வைத்த ஐந்து ஒட்டுக்குச்சிகள்.

மூன்று வருடத்துக்கு முன்னால், மார்ச் மாதம், பயிற்சிக்காக இத்தாலியில் ஒரு மலையூருக்குப் போயிருந்தாள். ஒரு தோட்டக்காரர் தன் மரத்துக் கொட்டைகளின் படத்தைக் காட்டினார். ஒவ்வொன்றும் கோழிமுட்டை அளவு. வாஸ்வியாவுக்கு உடனே எயூப்பின் நினைவு வந்தது. வ்ரேலோவில் அறுபது தேன்பெட்டி வைத்திருப்பவர், காட்டு மரத்தில் ஒட்டுக் கட்டுவதில் பைத்தியம். பதினைந்து வருடமாக அவளுக்கு அந்தப் பள்ளத்தாக்கின் கண்ணும் காதும் அவர்தான். எந்தப் பூச்சி எப்போது பறந்தது என்று அவர் சொல்லித்தான் அவள் பாதி அறிக்கை எழுதியிருக்கிறாள். ஒரு பைசா வாங்கியதில்லை. தோட்டக்காரர் கத்தியை எடுத்து ஐந்து குச்சி வெட்டிக் கொடுத்தார். சான்றிதழ் இல்லாமல் ஓர் இலையைக்கூட எல்லை தாண்டிக் கொண்டு போகக்கூடாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள்தான். ஐந்து குச்சிதானே என்று நினைத்தாள். மொட்டுகளை விளக்கு வெளிச்சத்தில் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். சுத்தமாக இருந்தன.

மறுநாள் காலை வ்ரேலோவுக்குப் போனாள்.

எயூப்பின் வீட்டு முற்றத்தில் ஜுல்சா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எயூப்பின் மனைவி. உரத்த குரல்காரி, கண்டதும் கட்டிக்கொள்கிறவள். அன்றைக்குக் கட்டிக்கொண்டாள், ஆனால் ஒன்றும் பேசவில்லை.

"அண்ணி, அண்ணன் எங்க?"

"பின்னாலதான். பெட்டிகிட்ட."

வாஸ்வியா வீட்டைச் சுற்றிப் பின்னால் போனாள். தேன்பெட்டிகளுக்கும் காட்டுக்கும் நடுவில் எயூப் ஒட்டுக் கட்டிய மரம் நின்ற இடத்தில் ஓர் அடிமரம் இருந்தது. வெட்டுப்பட்ட இடம் இன்னும் வெளுத்துத்தான் இருந்தது, பதினைந்து இருபது நாளைக்கு மேல் ஆகியிருக்காது. சற்றுத் தள்ளிக் கரி படிந்த வட்டம். கிளை, இலை, எல்லாம் சாம்பல்.

எயூப் புகையூதியைக் கீழே வைத்துவிட்டு வலைத்தொப்பியைக் கழற்றினார்.

"மரம் எங்கண்ணே?"

"காஞ்சு போச்சு. வெட்டிட்டேன்."

"செஸ்நட் ஜூலையில காயுமா?"

"என் மரம், என் இஷ்டத்துக்குக் காயும்."

வாஸ்வியா காட்டின் ஓரத்தில் அடிமரத்துக்கு மிக அருகில் நின்ற காட்டு மரத்துக்குப் போனாள். தாழ்ந்த கிளை ஒன்றைப் பிடித்தாள். தழும்புகளை எண்ணினாள். இந்த வருடம், போன வருடம், அதற்கு முந்தியது. அங்கே கறுத்த கட்டிகள் மூன்று இருந்தன. இந்த மரத்து மொட்டில் பூச்சி முட்டையிட்டது அதற்கும் முந்தின கோடையில். அப்படியென்றால் அது முதலில் கிளம்பிய கட்டி இதற்கும் ஒரு வருடம் மூத்தது. அது இந்தத் தோட்டத்தில்தான் இருந்தது, வேறெங்கும் இருக்க வழியில்லை. நான்காம் வருடத்துக் கட்டி எரிந்து சாம்பலாகிவிட்டது.

அவள் கிளையை விட்டாள். எயூப் பக்கத்தில் வந்து நின்றிருந்தார்.

"ஒட்டுக் கட்டுன வருஷமே வந்துச்சு" என்றார் மெதுவாக. "மூணு குச்சி தழைச்சுது. ரெண்டுல சின்னதா வீங்கியிருந்துச்சு. சாறு கூடிப்போய்க் கட்டியிருக்குன்னு நெனைச்சேன். நீ வந்தப்பக் காட்டணும்னுகூடத் தோணல. ஜூன்ல நீ போன் பண்ணி இப்படி இப்படிக் கட்டின்னு சொன்னே பாரு, அப்பத்தான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொல்லி? உன் வேலை போறதுக்கா?" எயூப் தொப்பியை உள்ளங்கையில் தட்டினார். "இங்க பாரு வாஸ்வியா. காத்துல வந்துச்சு, லாரியில வந்துச்சு, எவனோ சுற்றுலாக்காரன் சட்டையில ஒட்டிக்கிட்டு வந்துச்சு. எழுது. யாரு வந்து கேக்கப் போறா?"

"உங்க தேன் எவ்வளவு கொறைஞ்சுது?"

"அதை ஏன் இப்பக் கேக்கறே?"

"சொல்லுங்கண்ணே."

"பாதிக்கும் கீழ."

ஜுல்சா ஜன்னலிலிருந்து காப்பி ஆறுகிறது என்று கத்தினாள். மூன்று பேரும் உட்கார்ந்து குடித்தார்கள். சர்க்கரைக் கட்டியைக் காப்பியில் முக்கிக் கடிப்பதும் கோப்பையை வைப்பதும் மட்டுமே கேட்டன. கிளம்பும்போது ஜுல்சா ஒரு புட்டி தேனை அவள் கையில் திணித்தாள். எப்போதும் போலத்தான். அதை வாங்கிக்கொள்வதற்கு வாஸ்வியாவின் கை கூசியது.

அலுவலகத்தில் நியாஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"எயூப்புக்கும் அவர் மனைவிக்கும்."

"மரமும் இல்ல. சாட்சியும் இல்ல." நியாஸ் ஒரு பென்சிலை மேசையில் உருட்டினார். "வந்த வழி உறுதியாத் தெரியலைன்னு எழுதறது பொய்யில்ல, வாஸ்வியா. வேற எங்கேர்ந்தும் வந்திருக்கவே முடியாதுன்னு உங்களால நிரூபிக்க முடியுமா? முடியாது. அப்ப உறுதி இல்லதானே?"

அவர் சொன்னது சட்டப்படி சரி. அவள் அதை வீட்டுக்கு எடுத்துப்போய் நான்கு நாள் வைத்துப் பார்த்தாள். அறிக்கையின் கடைசிப் பத்தியை எழுதாமல் விட்டிருந்தாள். ஐந்தாம் நாள் வ்ரேலோவின் தீயணைப்புக் கொட்டகையில் பள்ளத்தாக்கு ஊர்களின் கூட்டம்.

தீயணைப்பு வண்டியை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். எழுபது எண்பது பேர் இருக்கும். வாஸ்வியா வரைபடத்தைத் தொங்கவிட்டுப் பூச்சி எப்படி வாழ்கிறது, எப்படிப் பரவுகிறது, கட்டிகளை எப்போது வெட்டி எரிக்க வேண்டும், மருந்து அடிப்பது ஏன் வீண் என்பதையெல்லாம் சொன்னாள். எல்லோரும் பொறுமையாகக் கேட்டார்கள். வரைபடத்தின் நடுவில் வ்ரேலோவுக்கு இப்போது அடர்சிவப்பில் ஒரு புள்ளி இருந்தது.

ரமீஸ் எழுந்தார்.

"இன்ஸ்பெக்டரம்மா, படம் நல்லாருக்கு. எங்க வீட்டுச் சின்னப் பிள்ளை பாத்தாலும் புரியும். நடுவுல இருக்குறது இந்த ஊரு. இந்த ஊருல வெளியூருக் குச்சி வாங்கி ஒட்டுக் கட்டுறது ஒருத்தர்தான்." அவர் திரும்பினார். "எயூப், தோட்டத்துல நின்ன மரத்தை ஏன்பா வெட்டுனே? அதுவும் வெட்டிட்டு அன்னைக்கே எரிச்சியாமே?"

எயூப் கடைசி பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். "குளிர் அடிச்சுது" என்றார்.

"ஜூலையிலயா?"

"எனக்கு ரத்த ஓட்டம் கம்மி."

சிலர் சிரித்தார்கள், பலர் சிரிக்கவில்லை. கொட்டை பொறுக்கி வருடத்தை ஓட்டுகிறவர்கள் அந்தக் கொட்டகையில் பாதிப் பேர். ஒருவன் எயூப்பைப் பார்த்துக் கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான். எயூப் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நியாஸ் வாஸ்வியாவின் முழங்கையைத் தொட்டார். தொட்டது எதற்கு என்று அவளுக்குத் தெரியும்.

"அவர் வாங்கல" என்றாள் வாஸ்வியா. "நான் கொடுத்தேன்."

சத்தம் அடங்கவில்லை. இன்னொரு முறை, உரக்கச் சொன்னாள். "குச்சியை இத்தாலியிலேர்ந்து கொண்டு வந்தது நான். சான்றிதழ் இல்லாம, என் பெட்டியில வச்சுக் கொண்டு வந்தேன். இவர் கேக்கக்கூட இல்ல. நானா ஆசைப்பட்டுக் கொடுத்தேன். மொட்டுக்குள்ள புழு இருந்துச்சு. எனக்குத் தெரியாது. ஆனா தெரியாம இருக்கக்கூடிய ஆள் நான் இல்ல. அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

வெளியே தீயணைப்பு வண்டியின் மேல் ஏறி விளையாடிய பிள்ளைகளின் சத்தம் மட்டும் கேட்டது. நியாஸ் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முதலில் எழுந்தது ஜுல்சா. "நான்தான் அதுக்குத் தண்ணி ஊத்துனேன்" என்றாள் எல்லோருக்கும் கேட்கும்படி. "நாலு வருஷம். எழுதறவங்க என் பேரையும் சேத்து எழுதிக்கங்க." சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

ரமீஸ் நின்றுகொண்டேதான் இருந்தார். கடைசியில், "ஏம்மா, நீங்களே கொண்டு வந்து வச்சிட்டு, ரெண்டு மாசமா என்னையும் கூட்டிக்கிட்டு ஊர் ஊராத் தேடுனீங்களா?" என்றார்.

"ஆமா."

"என் வண்டியில!"

பின்னாலிருந்து ஒருவர் அடக்கமுடியாமல் சிரித்தார். அது பரவியது. ரமீஸ் சிரிக்கவில்லை, ஆனால் தோள்கள் இறங்கின. கெட்ட வார்த்தை சொன்னவன் எழுந்து வெளியே போனான், அவனோடு இன்னும் நாலைந்து பேர் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் அதற்குப் பிறகு வாஸ்வியாவோடு பேசவே இல்லை, சாலையில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அதை அவள் ஏற்றுக்கொண்டாள்.

"சரி" என்றார் ரமீஸ் கொஞ்ச நேரம் கழித்து. "யாருன்னு தெரிஞ்சு போச்சு. இப்ப என்ன பண்றது, அதைச் சொல்லுங்க."

கூட்டம் முடிந்ததும் எயூப் அவளிடம் வருவார் என்று வாஸ்வியா எதிர்பார்த்தாள். வந்தார். அவர் முகம் கடுகடுவென்று இருந்தது.

"உனக்காக ஒரு மரத்தை வெட்டுனேன். என் கையால கட்டுன ஒட்டு. அதை வெட்டிட்டு ஊர்ல ஏச்சு வாங்கறதுக்கும் தயாரா உக்காந்திருந்தேன். எல்லாத்தையும் ஒரு நிமிஷத்துல வீணாக்கிட்டே."

"உங்களை அவங்க திட்டுறதை நான் கேட்டுக்கிட்டு இருக்க முடியுமாண்ணே?"

"என்னைத் திட்டுனா எனக்கு ஒரு வாரம். உனக்கு உத்தியோகம். கணக்குத் தெரியாதா உனக்கு?"

திரும்பி நடந்துவிட்டார். அதன் பிறகு ஆகஸ்டில் போன் வரவில்லை, செப்டம்பரிலும் வரவில்லை. பதினைந்து வருடத்தில் அவர் எந்தப் பூச்சி பறந்தது என்று சொல்லாமல் விட்ட முதல் இலையுதிர்காலம் அது.

அவள் பயந்தபடி உத்தியோகம் போகவில்லை. அறிக்கையின் கடைசிப் பத்தியில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள். விசாரணை நடந்தது. மூன்று பேர் உட்கார்ந்து ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டார்கள். ஒரு வருடத்துக்கு ஆய்வாளர் பொறுப்பு இல்லை, மேசை வேலை மட்டும் என்று முடிவானது. அவள் இடத்தில் கையெழுத்துப் போடப் பக்கத்து மாவட்டத்திலிருந்து வாரம் இருமுறை ஒருவர் வந்தார். நியாஸ் அவளைத் திட்டுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் ஒரு கட்டுக் காகிதத்தை அவள் மேசையில் வைத்தார்.

"மேசை வேலைதானே? இந்தாங்க மேசை வேலை. இத்தாலியில இந்தக் கட்டிக் குளவியைத் தின்னுற இன்னொரு குளவியை விட்டிருக்காங்களாம். இங்க கொண்டு வரணும்னா என்னென்ன அனுமதி வேணும்னு பாருங்க." கதவருகில் போய் நின்று, "இந்தத் தடவை முறைப்படி" என்றார்.

குளிர்காலம் முழுவதும் வாஸ்வியா விண்ணப்பம் எழுதினாள். அந்தப் பச்சைக் குளவி வேறு எதையும் கெடுக்காதா என்று அமைச்சகம் கேட்டது. பதில் எழுதினாள். தேனீயைத் தொடுமா என்று கேட்டது. பதில் எழுதினாள். இருநூறு பக்கம் ஆனது. மார்ச் கடைசியில் அனுமதி வந்தது. ஏப்ரல் மூன்றாம் வாரத்தில், செஸ்நட் மொட்டுகள் பிளந்து புதுக் கட்டிகள் தலைகாட்டிய சமயத்தில், குளிர்ப்பெட்டியில் கண்ணாடிக் குழாய்கள் வந்திறங்கின. நூறு பெண், ஐம்பது ஆண்.

முதலில் விட வேண்டியது கட்டி மிக அடர்த்தியாக இருக்கும் இடத்தில். அது எந்த இடம் என்று வரைபடத்தைப் பார்க்காமலே அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

வாஸ்வியா ஜுல்சாவுக்குப் போன் போட்டாள்.

"வா" என்றாள் ஜுல்சா. "அந்த மனுஷன் மொகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருப்பாரு. நீ பாட்டுக்கு வா. ஒன்பது மாசமா அந்த மூஞ்சியை நான் ஒருத்தியே பாத்துக்கிட்டிருக்கேன், நீயும் கொஞ்சம் பாரு."

அவர்கள் போனபோது ரமீஸ் ஏற்கனவே அங்கே இருந்தார், யாரும் அழைக்காமலே. கையெழுத்துப் போட வரும் பக்கத்து மாவட்ட ஆய்வாளர், நியாஸ், வேடிக்கை பார்க்க ஊர்க்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். எயூப் தேன்பெட்டிகளுக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மறுபடியும் பூச்சி கொண்டு வந்திருக்கீங்களா, இன்ஸ்பெக்டரம்மா?" என்றார் ரமீஸ்.

"மறுபடியும்தான்."

"காகிதம் இருக்கா?"

"இருநூத்துப் பதினாலு பக்கம். படிக்கிறீங்களா?"

"வேணாம்மா. நம்புறேன். இப்ப நம்பலாம்."

எயூப்பின் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பா இல்லையா என்று சொல்ல முடியவில்லை. வாஸ்வியா ஒரு குழாயை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"என் கை நடுங்குது. நீங்க தெறங்கண்ணே."

அது பொய் இல்லை, உண்மையாகவே நடுங்கியது. எயூப் அவள் கையைப் பார்த்தார். பிறகு குழாயை வாங்கினார். தேனீக்களோடு நாற்பது வருடம் பழகிய கை, அவசரமே இல்லாமல் பஞ்சு மூடியைத் திருகி எடுத்தது. குழாயைக் கிளையில் ஒரு ரோஜாநிறக் கட்டிக்குப் பக்கத்தில் சாய்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. எல்லோரும் கழுத்தை நீட்டினார்கள். அப்புறம் கொசுவைவிடச் சின்னதாக, வெயிலில் பச்சையாக மின்னிக்கொண்டு, ஒன்று குழாயின் விளிம்புக்கு வந்து நின்றது. வால்பக்கம் ஊசி போல ஒரு முள். எயூப்பின் கட்டைவிரல் நகத்தின் மேல் ஏறியது.

"இத்தனூண்டா?" என்றார் எயூப். ஒன்பது மாதத்துக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை.

"அதுவும் இத்தனூண்டுதானே."

"எப்பச் சரியாகும்?"

"ஆறு வருஷம், ஏழு வருஷம். பத்துகூட ஆகலாம்."

"பத்து வருஷம் நான் இருக்கணுமே."

"ரத்த ஓட்டம் கம்மியா இருக்கறவங்க ரொம்ப நாள் இருப்பாங்களாம்" என்றாள் வாஸ்வியா.

இந்த முறை அவர் சிரித்துவிட்டார். நகத்திலிருந்த குளவி பறந்து, கட்டியின் மேல் போய் உட்கார்ந்து, உணர்கொம்புகளால் அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நடந்தது. சுற்றி நின்ற எல்லோரும் அதை மூச்சுவிடாமல் பார்த்தார்கள். ஜுல்சா உள்ளேயிருந்து சூடான பீட்டாத் தட்டோடு வந்து, யாரும் திரும்பாததைக் கண்டு, தானும் வந்து நின்று பார்த்தாள்.

அந்தக் கோடையிலும் தேன் பாதிதான். கொட்டை இன்னும் குறைவு. ரமீஸ் ஊரில் இரண்டு குடும்பங்கள் இலையுதிர்காலத்தில் வேலை தேடி ஆஸ்திரியாவுக்குப் போயின. வாஸ்வியாவுக்கு ஆகஸ்டில் ஆய்வாளர் பொறுப்பு திரும்பக் கிடைத்தது. ஜனவரியில், பனி முழங்கால் அளவு கிடந்தபோது, அவளும் எயூப்பும் ஏணி போட்டு அந்தக் காட்டு மரங்களிலிருந்து காய்ந்த கட்டிகளைப் பறித்தார்கள். அறுநூறு கட்டி. அட்டைப்பெட்டிகளில் போட்டு, பெட்டியில் துளையிட்டுத் துளையில் கண்ணாடிக் குழாய் செருகி, அலுவலகத்தின் சூடில்லாத பின்னறை ஜன்னலில் வைத்தாள். உள்ளே ஏதாவது பிறந்தால் வெளிச்சத்தைத் தேடிக் குழாய்க்கு வரும்.

மார்ச் முழுவதும் தினமும் காலையில் கோட்டைக் கழற்றுவதற்கு முன்னால் அந்த அறைக்குப் போனாள். முதலில் வந்தவை வேறு ஏதோ உள்ளூர்க் குளவிகள். ஏப்ரல் நான்காம் தேதி ஒரு குழாயில் பச்சை மின்னியது. பன்னிரண்டாம் தேதிக்குப் பிறகு எதுவும் வரவில்லை. லென்ஸ் வைத்து இரண்டு முறை எண்ணிவிட்டு எயூப்பைக் கூப்பிட்டாள்.

"பதினொண்ணு" என்றாள்.

மறுமுனையில் தேனீக்களின் இரைச்சல் கேட்டது. பெட்டிகளுக்கு நடுவில் நின்றுதான் பேசினார்.

"நூத்தம்பது விட்டோமே. பதினொண்ணுதானா?"

"அது வெளியேர்ந்து வந்தது. இது இங்க பொறந்தது."

எயூப் ஒரு பெட்டியின் மூடியை வைக்கும் சத்தம் கேட்டது.

"அதுல பொண்ணு எத்தனை?"

"ஏழு."

"ஏழா!" என்றார். பிறகு போனை வாயிலிருந்து எடுக்காமலே, அவள் காது அடைக்கும்படி, வீட்டைப் பார்த்துக் கத்தினார். "ஜுல்சா! ஏழு பொண்ணாம்!"

"யாருக்கு?" என்று தூரத்திலிருந்து ஜுல்சாவின் குரல் கேட்டது.